48 வயதில் பிரஷர்: மாத்திரையா, மூன்று மாதம் பொறுப்பதா, ஹார்மோனா?

வயது 48. மாதவிடாய் இரண்டு மாதம் வரும், மூன்று மாதம் வராது. ராத்திரியில் குப்பென்று வியர்த்துத் தூக்கம் கலைகிறது. இந்த நேரத்தில் ஒரு முகாமிலோ டாக்டரிடமோ பார்த்தால் பிரஷர் 150/94. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு யோசனை. “ஆரம்பிச்சா ஆயுசுக்கும் நிறுத்த முடியாது, வேண்டாம்” என்பார் நாத்தனார். “உப்பைக் குறை, நடந்தா சரியாயிடும்” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். சென்னையில் இருக்கும் தங்கை போனில், “அக்கா, இது ஹார்மோன் குறையறதாலதான், அதுக்கு மாத்திரை இருக்காம், கேட்டுப் பாரு” என்பார். மாமியார் மருதம்பட்டைக் கஷாயம் வைத்துத் தரத் தயாராக இருப்பார்.

நாலு பேரும் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் நாலும் ஒரே தட்டில் வைக்கக்கூடிய வழிகள் இல்லை. எது யாருக்குப் பொருந்தும் என்று பிரித்துப் பார்க்கலாம்.

முதலில், ஏன் இந்த வயதில்? ரத்தக்குழாயின் உள்சுவரில் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. குழாயைத் தளர்த்தி விரிக்கிற நைட்ரிக் ஆக்ஸைடை அதுதான் சுரக்கிறது. சினைப்பை சுரக்கும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அந்த வேலைக்குத் துணை. மாதவிடாய் நிற்கும் காலத்தில் அது குறையும்போது குழாய் விரியும் திறன் குறைகிறது, சுவர் மெல்ல விறைக்கிறது. புது சைக்கிள் டியூப்புக்கும் வெயிலில் கிடந்த டியூப்புக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. அமெரிக்காவில் 1996-ல் தொடங்கிய ‘ஸ்வான்’ ஆய்வு, நடுத்தர வயதுப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டு முன்பின் காலத்தில் குழாய் விறைப்பது மற்ற ஆண்டுகளைவிடப் பல மடங்கு வேகமாக நடக்கிறது என்று அதில் தெரியவந்தது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல்-லும் அதே சமயத்தில்தான் ஏறுகிறது. இடுப்பைச் சுற்றிச் சதை போடுவது, தூக்கம் கெடுவது, உப்பு உடம்பில் தங்குவது எல்லாம் கூடச் சேர்ந்துகொள்கின்றன. நம் ஊர்ப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். மேலை நாடுகளில் 51. அதனால் அங்கே ஐம்பதுக்கு மேல் வரும் பேச்சு இங்கே நாற்பத்தைந்திலேயே வந்துவிடுகிறது.

இந்தக் காலத்தில் படபடப்பு, தலைசுற்றல், முகம் சூடாவது எல்லாம் மாதவிடாய் நிற்பதாலும் வரும். பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. படபடப்பு இருக்கிறது, அதனால் பிரஷர் என்று முடிவு கட்டுவதும் தப்பு. ஒன்றும் செய்யவில்லை, அதனால் பிரஷர் இல்லை என்பதும் தப்பு. அளந்து பார்த்தால்தான் உண்டு.

அளப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, படியேறி, டோக்கன் வாங்கி, கூப்பிட்டதும் எழுந்து போய் உட்கார்ந்த அடுத்த நிமிடம் கையில் பட்டையைச் சுற்றினால் வருகிற எண்ணை வைத்து ஆயுசுக்கும் முடிவெடுக்கக் கூடாது. பெண்களுக்கு இதில் தனியாக ஒரு தொல்லை உண்டு: பிளவுஸ் கை. இறுக்கமான கையை மேலே சுருட்டி ஏற்றினால் அதுவே கயிறு கட்டின மாதிரி புஜத்தை நெரிக்கும். அப்படியே துணி மேல் சுற்றினாலும் எண் மாறும். வீட்டில் பார்க்கும்போது தளர்வான நைட்டியோ கையில்லாத உடையோ போட்டுக்கொண்டு வெறும் தோலில் பட்டையைச் சுற்ற வேண்டும். புஜம் பருமனாக இருப்பவர்களுக்கு மெஷினோடு வரும் சாதாரணப் பட்டை போதாது. அதைக் கட்டினால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். கடையில் பெரிய பட்டை கேட்டு வாங்கலாம். மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம், புஜத்தில் கட்டுவதே நல்லது.

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, காபிக்கு முன்னால், முதுகு சாய்ந்த நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில். கால் மேல் கால் கூடாது. கையை மேசை மேல், நெஞ்சு உயரத்தில் வையுங்கள். ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு தடவை பாருங்கள். ராத்திரி படுக்குமுன் இன்னும் இரண்டு தடவை. பார்க்கும்போது பேசக் கூடாது, “எவ்வளவு காட்டுது?” என்று கேட்கிற வீட்டுக்காரருக்குக்கூடப் பதில் சொல்லக் கூடாது. இப்படி ஏழு நாள் எழுதி வைத்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுங்கள். டாக்டர் அறையில் 140/90 என்பது எல்லைக்கோடு என்றால், வீட்டில் 135/85. வீட்டுச் சராசரி அதற்குக் கீழே இருந்தால் அந்த 150/94-ல் பாதி பயமும் படியேறிய மூச்சும்தான். அப்படியே மறந்துவிட வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி பார்க்கலாம்.

ஆகவே மாத்திரையா இல்லையா என்ற கேள்விக்கு முன்னால், ஒரு வாரம் அளப்பதா உடனே முடிவெடுப்பதா என்ற கேள்வி இருக்கிறது. என் கட்சி, அளப்பது. இதற்கு விலக்கு உண்டு. 180/120 அளவுக்கு இருந்து நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், ஒரு பக்கம் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், கண் மங்கல் ஏதாவது சேர்ந்தால் அன்றே, அந்த மணியே ஆஸ்பத்திரி. திரும்பத் திரும்ப 160/100-க்கு மேல் இருந்தாலும் பொறுப்பதற்கு நியாயம் இல்லை.

அப்படி அளந்தும் வீட்டுச் சராசரியின் மேல் எண் 135-க்கும் 150-க்கும் நடுவே நிற்கிறது என்றால் அடுத்து வருவது, மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் மாற்றிப் பார்க்கும் வழி. இதைச் சும்மா சமாதானமாகச் சொல்வதில்லை. ஒழுங்காகச் செய்தால் எண் இறங்கும். எடையில் ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் ஏறக்குறைய ஒரு புள்ளி குறையும் என்பது கணக்கு. உப்பைக் கணிசமாகக் குறைத்தால் நாலைந்து புள்ளி. ஒரு மாத்திரையின் சாதாரண அளவு குறைப்பது சுமார் ஒன்பது புள்ளி. அப்படியானால் உப்பும் எடையும் நடையும் சேர்ந்தால் ஒரு மாத்திரைக்குச் சமமாக நிற்க முடியும். ஆனால் மூன்றும் சேர வேண்டும். ‘உப்பு கொஞ்சமாத்தான் போடறேன்’ என்ற ஒற்றை வாக்கியம் போதாது.

உப்புக்கு வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தட்டிய ஒரு டீஸ்பூன். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். உங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் மாதத்துக்குள் தீர்கிறது என்றால் தலைக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கடையில் வாங்கும் மிக்சர், பேக்கரி பன் எல்லாம் அந்தப் பாக்கெட்டில் சேராதவை. கடலூர் முதுநகரிலிருந்து வரும் கருவாடு இல்லாமல் பழைய சோறு இறங்காது என்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் கருவாட்டையே விடச் சொல்வதைவிட, ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றி, குழம்பில் தனி உப்பு போடாமல் மாதம் ஓரிரு தடவை சாப்பிடச் சொன்னால் கேட்பார்கள்.

இன்னொரு வழி, பொட்டாசியம் கலந்த உப்பு. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. சாதாரண உப்புக்குப் பதில் நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் போட்டுச் சமைத்தவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நம் ஊர்க் கடைகளிலும் ‘லோ சோடியம்’ என்று கிடைக்கிறது, விலைதான் கூடுதல். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டெல்மிசார்டான், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் மாதிரி பிரஷர் மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். அந்தச் சிக்கல் இல்லாதவர்களுக்குக் கீரையும் வாழைப்பழமும் பயறும் இளநீரும் அதே பொட்டாசியத்தைத் தரும்.

நடைக்கு வாரம் 150 நிமிடம். புதுச்சேரியில் இருப்பவர்களுக்குப் பீச் ரோடு இருக்கிறது, மாலையில் வண்டி தொல்லையும் கிடையாது. கடலூரில் சில்வர் பீச். பிள்ளைகளோடு மெல்லப் போய் சுண்டலும் பஜ்ஜியும் தின்றுவிட்டு வருவதை யாரும் கணக்கில் சேர்க்க வேண்டாம்! பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம் வேண்டும். முட்டி வலியால் நடக்க முடியாதவர்கள் பாரத்தைக் கையால் தூக்குவது, சுவரில் முதுகு சாய்த்து லேசாகக் கால் மடக்கி நிற்பது போன்ற பயிற்சிகளைச் செய்யலாம். அசையாமல் தசையை இறுக்கி நிற்கும் பயிற்சிகளும் பிரஷரை இறக்குகின்றன. செய்யும்போது மூச்சை மட்டும் அடக்கக் கூடாது.

இந்த மூன்று மாதத்தில் பலர் பார்க்காமல் விடுவது, பிரஷரை ஏற்றும் வேறு மாத்திரைகள். முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டும் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் உரசும். தண்ணீரில் போட்டதும் நுரைக்கும் மாத்திரைகளில் சோடியம் நிறைய. மாதவிடாய் ஒழுங்காக வரவேண்டும் என்று கொடுக்கிற, ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரையும் ஏற்றும். இருமலுக்கு நாள்தோறும் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம்கூடத்தான். தொடர்ந்து சாப்பிட்டால் உப்பைத் தங்கவைத்து, பொட்டாசியத்தைக் குறைத்து, பிரஷரை ஏற்றுகிறது. குறட்டை பலமாக இருந்து, பகலெல்லாம் தூக்கம் வந்தால் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் கோளாறு இருக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அது கூடுகிறது. அதைக் கவனிக்காமல் எத்தனை மாத்திரை போட்டாலும் எண் அடங்காது.

சரி, மாத்திரை. “ஆரம்பித்தால் நிறுத்த முடியாது” என்பது பாதி உண்மை. மாத்திரை உடம்பைப் பழக்கி அடிமையாக்குவதில்லை. பிரஷர் என்கிற கோளாறு நிரந்தரம் என்பதால் மருந்தும் நீள்கிறது. எடை நன்றாகக் குறைந்தவர்களுக்கு டாக்டர் அளவைக் குறைத்ததும் உண்டு, நிறுத்தியதும் உண்டு. தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. என்னைக் கேட்டால் பயப்பட வேண்டியது மாத்திரையைப் பார்த்து அல்ல, பத்து வருஷம் சத்தமில்லாமல் குழாயை அரிக்கும் 150-ஐப் பார்த்து.

எந்த மாத்திரை என்பதிலும் இந்த வயதுப் பெண்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் அம்லோடிபினில் ஆரம்பிப்பார்கள். மலிவு, நம்பகம், ரத்தப் பரிசோதனை பெரிதாகத் தேவையில்லை. கணுக்கால் வீக்கம் வரலாம், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே. சாயங்காலம் கொலுசு பதிந்த தடம் தெரியும். உடனே கிட்னி போய்விட்டது என்று கலங்க வேண்டாம். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது டெல்மிசார்டானைக் கூடச் சேர்ப்பார். சேர்த்தால் வீக்கமும் குறைவதுண்டு. டெல்மிசார்டான் தனியாகவும் நல்ல மருந்து, சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தைக் காக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: இந்த வகை மருந்துகள் கருவிலிருக்கும் குழந்தையைக் கெடுக்கும். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றது என்று அர்த்தம். ஐந்து மாதமாக வரவில்லை என்பவருக்குக் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு இன்னும் இருக்கிறது. கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எனலாப்ரில் வகையிலும் இதே எச்சரிக்கைதான், போதாததற்கு வறட்டு இருமல். அதுவும் பெண்களுக்கே கூடுதல்.

குளோர்தாலிடோன், இண்டாபமைடு போன்ற நீர் மாத்திரைகளுக்கு ஒரு உபரி நன்மை உண்டு. சிறுநீரில் கால்சியம் வீணாவதை அவை குறைக்கின்றன. எலும்பு தேயத் தொடங்கும் வயதில் இது சின்ன விஷயம் இல்லை. பதிலுக்கு ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் இறங்கலாம். சோடியம் இறங்குவது மெலிந்த, வயதான பெண்களுக்கு அதிகம். மருந்து தொடங்கிச் சில வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம். டெல்மிசார்டானுக்கும் அப்படித்தான். அடினோலால் இன்னும் பல சீட்டுகளில் தென்படுகிறது. இதயக் கோளாறோ வேறு காரணமோ இல்லாதவர்களுக்கு அது முதல் மருந்து இல்லை; “இதை எதுக்காக எழுதியிருக்கீங்க டாக்டர்?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

தங்கை சொன்ன ஹார்மோனுக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் குழாய் கெடுகிறது என்றால், ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் நம்பியது. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வை 2002-ல் நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மார்பகப் புற்று, பக்கவாதம், ரத்த உறைவு, மாரடைப்பு கூடியிருந்தன. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதைப் பிற்பாடு எல்லோரும் கவனித்தார்கள். 2016-ல் வெளியான இன்னொரு ஆய்வில், மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுக்குள் ஈஸ்ட்ரோஜன் தொடங்கியவர்களுக்குக் கழுத்துத் தமனியின் சுவர் தடிப்பது மெதுவானது. பத்து ஆண்டு கழித்துத் தொடங்கியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஆக, நேரம் முக்கியம். ஆனாலும் இன்றைக்கு இதயத்தைக் காக்கவோ பிரஷரைக் குறைக்கவோ ஹார்மோன் கொடுப்பதில்லை. உடம்பில் குப்பென்று எழும் தாங்க முடியாத சூடு, வியர்வை, தூக்கமின்மைக்குத்தான் அது மருந்து, அந்தத் தொல்லைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. வாய்வழி மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பட்டையும் ஜெல்லும் ரத்த உறைவு விஷயத்தில் பத்திரம். பிரஷர் அடங்காமல் இருக்கும்போது ஹார்மோன் தொடங்கக் கூடாது. முதலில் பிரஷரை அடக்கிவிட்டு, 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள் என்றால், மகப்பேறு மருத்துவரோடு பேசலாம். மார்பகப் புற்று, மாரடைப்பு, பக்கவாதம், ரத்த உறைவு வந்தவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

கஷாயத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. மருதம்பட்டைக்குப் பிரஷர் மாத்திரைக்கு ஈடான சான்று கிடையாது. செம்பருத்தித் தேநீர் பிரஷரைக் குறைக்கிறது என்று வரும் செய்திகளில் இருப்பது நம் தோட்டத்துச் செம்பருத்தி இல்லை, புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சிவப்புப் புல்லிவட்டம். அதிலும் இறக்கம் கொஞ்சம்தான். பூண்டு சாப்பாட்டில் இருக்கட்டும். மாத்திரைக்குப் பதிலாக எதுவும் வேண்டாம்.

அப்படியானால் யார் பொறுக்கலாம், யார் பொறுக்கக் கூடாது? சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, ஏற்கனவே மாரடைப்பு அல்லது பக்கவாதம் இருந்தால் மூன்று மாதப் பேச்சுக்கே இடமில்லை, மாத்திரையும் உப்புக் குறைப்பும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். பெண்களுக்கென்று இன்னும் சில கேள்விகள் உண்டு, சீட்டு எழுதும் அவசரத்தில் யாரும் கேட்பதில்லை. பிரசவத்தின்போது பிரஷரோ வலிப்போ வந்ததா? கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததா? கர்ப்பப்பையோடு சினைப்பையும் எடுத்தாயிற்றா? 40 வயதுக்குள்ளேயே மாதவிடாய் நின்றுவிட்டதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் இதயத்துக்கான ஆபத்து கூடுதல். நான் அந்த இடத்தில் இருந்தால் சீக்கிரம் மாத்திரையின் பக்கம்தான் சாய்வேன். இருபது வருஷத்துக்கு முந்தைய பிரசவத்துக்கும் இப்போதைய பிரஷருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். அந்தக் காலத்தில் குழாய் காட்டிய பலவீனம்தான் இப்போது திரும்பி வருகிறது. இவை எதுவும் இல்லை, வீட்டுச் சராசரி 135-க்கும் 150-க்கும் நடுவில்தான் நிற்கிறது என்பவர் தேதி குறித்துக்கொண்டு மூன்று மாதம் முயன்று பார்க்கட்டும். பொங்கலுக்கு ஆரம்பித்தால் சித்திரைக்கு மறுபடி ஏழு நாள் கணக்கு. அன்றும் 135/85-க்கு மேலே என்றால் மாத்திரை. தேதி குறிக்காத மூன்று மாதம் மூன்று வருஷமாகிவிடும்.

எங்கே வாங்குவது என்பது ஊரைப் பொறுத்தது. கடலூர் மாவட்டம் என்றால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம், அங்கே இந்தத் திட்டம் கிடையாது. சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ போய் வாங்க வேண்டும். கோரிமேடு ஜிப்மருக்கு ஒவ்வொரு மாதமும் பஸ் ஏறுவதைவிட, அங்கே ஒரு தடவை காட்டி மருந்தை நிலைப்படுத்திக்கொண்டு, தொடர்ந்து வாங்குவதைப் பக்கத்து நிலையத்தில் வைத்துக்கொள்வது வசதி. அடங்காத பிரஷர், 40 வயதுக்குள் வந்த பிரஷர் மாதிரி சிக்கல்களுக்குப் பெரிய மருத்துவமனையை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு ஊரிலும் மாறி மாறி வாங்குகிறவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும், உள்ளே மருந்து ஒன்றாக இருக்கும். பெயருக்குப் பின்னால் ‘ஏ.எம்.’ என்றிருந்தால் பெரும்பாலும் அம்லோடிபினும் சேர்ந்தது, ‘எச்’ என்றால் நீர் மாத்திரை சேர்ந்தது. அரசு மருத்துவமனை கொடுத்த அம்லோடிபினையும், தனியார் டாக்டர் எழுதிய ‘ஏ.எம்.’ மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் ஒரே மருந்து இரட்டிப்பாகிறது. கால் வீங்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு, அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். கூடவே அந்த ஏழு நாள் கணக்கையும்.